மாப்பிள்ளைக்கு ஸ்கர்ட் எப்போது வரும்?

எங்கள் வீட்டில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பழைய படம் ஓடும். பெரிய ஏற்பாடெல்லாம் கிடையாது. டிவி, ஒரு பாய், நாலு நாற்காலி, சுண்டல். போன மாதம் நான் ஒரு போர்ப்படத்தைப் போட்டேன். படம் முடியும்போது உயிரோடு மிச்சமிருந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அத்தை எழுந்து போகும்போதே சொல்லிவிட்டார்: "அடுத்த தடவை யாரும் சாகாத படமாப் பார்த்துப் போடுப்பா." பத்தாம் வகுப்பு படிக்கும் அக்கா மகளுக்கு வேறு ஆசை. "ஆம்பிள பொம்பள வேஷம் போடுற மாதிரி ஏதாவது போடு மாமா." கருவூலத்தில் முப்பத்து நான்கு வருடம் பில் பார்த்து ஓய்வு பெற்ற சித்தப்பா ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு எந்தப் படமானாலும் எட்டரைக்குள் முடிந்தால் சரி.

எனக்கோ போர்க்காலப் படங்களை விட மனசில்லை. ஆகவே போர்க்காலமும் இருக்க வேண்டும், காதலும் சிரிப்பும் இருக்க வேண்டும், ஆண் பெண் வேஷமும் இருக்க வேண்டும். கேட்கும்போது எளிதாகத் தெரிந்தது. தேட ஆரம்பித்த பிறகுதான், ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்காமல் படம் அமையாது என்று புரிந்தது. ஒரு வாரம் அலசியதில் மூன்று படங்கள் தேறின: ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கிய 'ஐ வாஸ் எ மேல் வார் பிரைட்' (1949), பில்லி வைல்டரின் 'தி மேஜர் அண்ட் தி மைனர்' (1942), அதே வைல்டரின் 'சம் லைக் இட் ஹாட்' (1959). மூன்றுமே கறுப்பு வெள்ளை.

தேறாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 1943-இல் வந்த 'திஸ் இஸ் தி ஆர்மி' வண்ணப்படம். நிஜ ராணுவ வீரர்களே பெண் வேஷம் கட்டி ஆடுகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்து நாடகங்களில் அது சர்வசாதாரணம். முகாமில் பெண்கள் இல்லை, நாடகத்தில் பெண் பாத்திரம் உண்டு, வேறென்ன செய்வது? நம் ஊர் பாய்ஸ் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட் போட்ட கதைதான். ஆனால் அந்தப் படம் கதையை விடப் பாட்டுக் கச்சேரியாகத்தான் நகர்கிறது. வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு ஆடும் ஒரு காட்சியும் இருக்கிறது. அதைப் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு விளக்கப் போனால் சுண்டல் ஆறிவிடும். 'அப்ராட் வித் டூ யாங்க்ஸ்' (1944) ஒரே பெண்ணுக்காக இரண்டு அமெரிக்க மரைன் படைச் சிப்பாய்கள் அடித்துக்கொள்ளும் சின்னப் படம். ஒரு தடவை பார்க்கலாம், நாலு பேரைக் கூப்பிட்டு உட்கார வைக்க முடியாது. 'சில்வியா ஸ்கார்லெட்' (1935) படத்தில் கேதரின் ஹெப்பர்ன் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு பையனாக வருவதைத் தனியாக ஒரு நாள் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அதில் போரே கிடையாது.

சரி, மூன்றுக்கு வருவோம்.

'தி மேஜர் அண்ட் தி மைனர்' படத்தை நான்தான் முதலில் வேண்டாம் என்று தள்ளினேன், அதுவும் மனசில்லாமல். ஹாலிவுட்டில் வைல்டர் இயக்கிய முதல் படம் அது. நியூயார்க் வெறுத்துப்போய் அயோவாவில் இருக்கும் சொந்த ஊருக்குத் திரும்பும் ஒரு பெண்ணிடம் முழு டிக்கெட்டுக்குக் காசில்லை, கட்டணம் ஏறிவிட்டது. ரயில் நிலையக் கழிவறைக்குள் போகிறவள் இரட்டைப் பின்னலும் பலூனுமாகப் பன்னிரண்டு வயதுச் சிறுமியாக வெளியே வந்து அரை டிக்கெட் வாங்குகிறாள். அந்த வேடத்தில் நடித்த ஜிஞ்சர் ராஜர்ஸுக்கு அப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. கண்டக்டருக்குச் சந்தேகம் வருகிறது, ஓடி ஒளிகிறாள், ஒளிந்த பெட்டியில் ஒரு ராணுவ மேஜர். அவர் அவளை நிஜமாகவே குழந்தை என்று நம்பி, தான் பாடம் நடத்தும் ராணுவப் பள்ளிக்கு அழைத்துப் போகிறார். நம் வீடுகளில் அரை டிக்கெட்டுக்காக வயதைக் குறைத்துச் சொல்லாதவர்கள் யார்? எனக்கே ஒன்பது வயது வரை ஐந்து வயதுதான். அதனால் முதல் இருபது நிமிடம் அத்தைக்குப் பிடித்துப்போகும் என்பதில் சந்தேகமில்லை.

பிரச்சினை அதற்கப்புறம். இங்கே ஆண், பெண் மாறவில்லை, வயது மாறியிருக்கிறது. மேஜர் அவளைக் குழந்தையாக நினைத்துக்கொண்டே அவளிடம் கொஞ்சம் கொஞ்சமாக ஈர்க்கப்படுகிறார். பார்க்கிற நமக்கு அவள் பெரியவள் என்று தெரியும், அவருக்குத் தெரியாது. 1942-இல் இதை ரசித்துச் சிரித்திருக்கிறார்கள். இன்றைக்குப் பதினைந்து வயதுப் பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கும்போது சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது. வைல்டர் அந்தக் கோட்டைத் தாண்டாமல் கவனமாகத்தான் நடத்துகிறார். ராணுவப் பள்ளிப் பையன்கள் பிரான்ஸின் மாஜினோ அரண்வரிசையைப் பற்றி விளக்குகிறேன் என்று சொல்லி ஒருவர் மாற்றி ஒருவர் அவளிடம் அசடு வழிவது நல்ல வேடிக்கை. பள்ளியில் அவளுடைய குட்டை முதலிலேயே உடைக்கும் சின்னப் பெண்ணாக வரும் டயானா லின் ராஜர்ஸையே சில இடங்களில் தூக்கிச் சாப்பிட்டுவிடுகிறார். அப்புறம் ஒரு விஷயம், கதாநாயகியின் அம்மாவாக நடித்திருப்பவர் ராஜர்ஸின் நிஜ அம்மாவே. தனியாகவோ பெரியவர்கள் மட்டும் சேர்ந்தோ பார்ப்பதென்றால் மூன்றில் இதையே முதலில் போடச் சொல்வேன். எங்கள் கூட்டத்துக்கு இது ஒத்துவராது.

'சம் லைக் இட் ஹாட்' பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்கத் திரைப்படக் கழகம் தயாரித்த நகைச்சுவைப் பட வரிசையில் முதலிடம் பிடித்த படம். சிகாகோவில் கொலைக் கும்பலின் கண்ணில் பட்டுவிட்ட இரண்டு இசைக் கலைஞர்கள், உயிர் பிழைக்கப் பெண் வேஷம் போட்டுக்கொண்டு பெண்கள் மட்டுமே இருக்கும் இசைக்குழுவில் சேர்ந்து ஃபுளோரிடாவுக்கு ரயிலேறுகிறார்கள். வேஷம் என்று தேடினால் இதைவிட முழுமையான படம் கிடைக்காது. படம் ஆரம்பித்து அரை மணி நேரத்துக்குள் ஜாக் லெமனும் டோனி கர்டிஸும் ஹீல்ஸ் போட்டுத் தடுமாறி நடக்கிறார்கள், கடைசி வரை அந்த வேஷம் முழுசாகப் போவதே இல்லை. கறுப்பு வெள்ளையில் எடுத்ததற்கும் அந்த வேஷமே காரணம்: வண்ணத்தில் சோதித்தபோது இருவரின் மேக்கப்பும் பச்சையடித்தது. லெமன் கையில் மராக்கஸ் என்ற கிலுகிலுப்பை வாத்தியத்தைக் குலுக்கிக்கொண்டே தன் நிச்சயதார்த்தச் செய்தியைச் சொல்லும் காட்சியை நான் எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு வசனத்துக்கும் தியேட்டர் சிரித்து ஓயும் வரை அடுத்த வசனம் காத்திருக்க வேண்டும் என்பதற்காக வைல்டர் அவர் கையில் அதைக் கொடுத்தாராம். வீட்டில் ஆறு பேர் பார்க்கும்போதும் அந்த இடைவெளி சரியாக நிரம்புகிறது.

ஆனால் கதை நடப்பது 1929-இல். போருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இதைப் போட்டால் என் நிபந்தனை அடிபட்டுப் போகும். ஓடும் நேரம் 121 நிமிடம். ஆறரைக்கு ஆரம்பித்தால் எட்டு முப்பத்தொன்று. ஒரு நிமிடம்தானே என்று நினைப்பவர்களுக்கு எங்கள் சித்தப்பாவைத் தெரியாது. அதோடு அக்கா மகள் கைப்பேசியில் இதன் துண்டுக் காட்சிகளை ஏற்கெனவே பார்த்திருக்கிறாள், கடைசி வசனம் அவளுக்கு மனப்பாடம். சிரிப்பு நிச்சயம் வரும், ஆச்சரியம் வராது.

மிச்சம் 'ஐ வாஸ் எ மேல் வார் பிரைட்'. தலைப்பைத் தமிழில் சொன்னால் 'நான் ஓர் ஆண் போர் மணப்பெண்' என்று வரும். தமிழில் மட்டும் தாறுமாறாகத் தெரியவில்லை, ஆங்கிலத்திலும் அப்படித்தான். இந்தத் தாறுமாறு சட்டத்திலிருந்தே வந்தது. 1945 டிசம்பர் 28-இல் அமெரிக்கா பொதுச் சட்டம் 271 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வெளிநாட்டில் கல்யாணம் செய்துகொண்ட அமெரிக்கப் படையினரின் துணைவர்களும் குழந்தைகளும், வழக்கமான குடியேற்ற ஒதுக்கீட்டுக்குக் காத்திருக்காமல் நாட்டுக்குள் வரலாம் என்பது அதன் சாரம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இப்படிப் போனார்கள்; ஆண்கள் சில நூறு பேர்தான். 1946 ஜனவரியில் இங்கிலாந்தின் சௌத்ஹாம்ப்டனிலிருந்து 'அர்ஜென்டினா' என்ற கப்பல் புறப்பட்டபோது அதில் 452 மணப்பெண்கள், 173 குழந்தைகள், ஒரே ஒரு மாப்பிள்ளை. அந்த மாப்பிள்ளை எங்கே படுத்தார், எந்த வரிசையில் நின்று சாப்பிட்டார் என்பதை யோசித்தாலே பாதிப் படம் கண்ணில் ஓடிவிடும்.

சட்டம் 'துணைவர்' என்றுதான் எழுதியது, ஆணா பெண்ணா என்று பார்க்கவில்லை. ஆனால் அதை நடத்திய கீழ்மட்டத்து அலுவலர்கள், படிவங்கள், படுக்கை வசதி, கப்பல் எல்லாமே 'மணப்பெண்' என்று வைத்துக்கொண்டுதான் இயங்கின. பெண்கள் படைப் பிரிவு அதிகாரியைக் கட்டிக்கொண்ட ஓர் ஆண் வந்து நின்றால் இயந்திரம் மக்கர் செய்கிறது. பெல்ஜியத்தைச் சேர்ந்த ரோஜே ஷார்லியே இந்த அனுபவத்தை ஆன்றி ரோஷார் என்ற புனைபெயரில் எழுதினார். பிற்காலத்தில் அவர் கடலியல் பேராசிரியர். அந்தப் புனைபெயரையே படத்தில் கதாநாயகனுக்கு வைத்து, அவரைப் பிரெஞ்சு ராணுவ கேப்டன் ஆக்கினார்கள். கேரி கிராண்ட் அந்த வேடத்தில் வருகிறார். பிரெஞ்சுக்காரர் மாதிரிப் பேச அவர் கடுகளவும் முயலவில்லை. முதல் பத்து நிமிடம் இது உறுத்தும், அப்புறம் மறந்துவிடும்.

இந்தப் படத்தைத் தேர்ந்தெடுக்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. போஸ்டரில் ராணுவப் பெண் சீருடையும் குதிரை வால் முடியில் செய்த விக்குமாக கிராண்ட் நிற்பதைப் பார்த்து ஏமாறக்கூடாது. அந்த ஸ்கர்ட் கடைசி இருபது நிமிடத்துக்குள்தான் வருகிறது. 'அவ்வை சண்முகி' மாதிரி படம் முழுக்க வேஷம், யாருக்குத் தெரியும் யாருக்குத் தெரியாது என்ற கண்ணாமூச்சி என்றெல்லாம் எதிர்பார்த்து உட்கார்ந்தால் கோபம்தான் வரும். வேஷம் போட்ட பிறகும் கிராண்ட் பெண்ணாக நடிப்பதில்லை. குரலை மாற்றுவதில்லை, இடுப்பை ஒடிப்பதில்லை. ஸ்கர்ட் போட்டுக்கொண்ட கடுகடுத்த ஓர் ஆம்பிளையாக நிற்கிறார். லெமனிடம் கிடைக்கும் விருந்து இங்கே கிடைக்காது.

அப்படியானால் எதற்கு இது? எனக்கு இந்தப் படம் இரண்டு துண்டு. முதல் பாதி முழுக்க மோட்டார் சைக்கிள். போர் முடிந்து அமெரிக்கர்கள் ஆண்டுகொண்டிருக்கும் ஜெர்மனி. கேப்டனும் அமெரிக்கப் பெண் அதிகாரி கேத்தரினும் லென்ஸ் செய்யும் ஒருவரைத் தேடிப் போக வேண்டும். கிடைத்த ஒரே வண்டி சைடுகார் வைத்த மோட்டார் சைக்கிள், அதையும் ஓட்டும் அனுமதி அவளுக்குத்தான். கதாநாயகன் பக்கத்துத் தொட்டியில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்து வருகிறார். ரயில்வே கேட் அவரை அப்படியே மேலே தூக்கிக்கொண்டு போகிறது. ஒரு விடுதியில் கதவின் கைப்பிடி கழன்றுவிட அவள் அறையிலேயே மாட்டிக்கொண்டு, ராத்திரி முழுக்க ஒரு நாற்காலியில் தூக்கத்தோடு மல்லுக்கட்டுகிறார். கை எங்கே வைப்பது, கால் எங்கே வைப்பது என்று அவர் அல்லாடும் அந்த மூன்று நான்கு நிமிடத்தில் ஒரு வசனமும் தேவைப்படவில்லை. கேத்தரினாக வரும் ஆன் ஷெரிடன் இவருக்குச் சரியான ஜோடி. அசட்டுத்தனமாகச் சிணுங்கும் நாயகி இல்லை. வண்டி ஓட்டுகிறாள், உத்தரவு போடுகிறாள், இவர் மாட்டிக்கொள்ளும்போது வாய்விட்டுச் சிரிக்கிறாள்.

படப்பிடிப்பு 1948-இல் ஹைடல்பர்க்கில் நிஜமாகவே நடந்தது, சீருடையும் சோதனைச் சாவடியும் அந்த ஊரில் அன்றாடக் காட்சியாக இருந்த காலத்தில். அப்புறம் இங்கிலாந்துக்குப் போனார்கள், அங்கே ஒருவர் மாற்றி ஒருவர் படுத்துவிட்டார்கள். ஷெரிடனுக்கு நிமோனியா, கிராண்டுக்கு மஞ்சள் காமாலை. மாதக்கணக்கில் வேலை நின்றது, மிச்சத்தை ஹாலிவுட்டில் எடுத்து முடித்தார்கள். மோட்டார் சைக்கிளோடு வைக்கோல் போருக்குள் புகும்போது கிராண்டுக்கு ஒரு எடை, மறுபக்கம் வெளியே வரும்போது வேறு எடை என்று ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. இந்தப் படத்தில் யாருக்கும் காயம் விளைவிக்கும் ஒரே போர் அந்த வைக்கோல் போர்தான்; அத்தையின் நிபந்தனை அதோடு நிறைவேறியது.

இரண்டாம் பாதியில்தான் நான் இந்தப் பக்கம் சாய்ந்தேன். கல்யாணம் ஆகிறது, ஒரு தடவை இல்லை, மூன்று தடவை: ஜெர்மன் ஊர்த்தலைவர் முன்னால் ஒன்று, ராணுவப் பாதிரியார் முன்னால் ஒன்று, பிரெஞ்சுக்காரருக்காக இன்னொன்று. முதலிரவுக்குள் அவளுக்கு ஊர் திரும்ப உத்தரவு வந்துவிடுகிறது. இவரும் கூடப் போக வேண்டுமென்றால் 271-இன் கீழ் 'பெண் படையினரின் வெளிநாட்டுத் துணைவர்' என்று பதிந்துகொண்டாக வேண்டும். படிவம் பெண்களுக்காக அச்சடித்தது. பெண்களுக்கு வரும் தொல்லை ஏதாவது உண்டா என்று அதில் ஒரு கேள்வி. அதைத் தவிர வேறு தொல்லையே இல்லை என்கிறார் மாப்பிள்ளை. ராத்திரி தங்கப் போனால் மணப்பெண்கள் விடுதியில் ஆணுக்கு இடமில்லை, அதிகாரிகள் விடுதியில் மணப்பெண்ணுக்கு இடமில்லை. ஊர் முழுக்கச் சுற்றுகிறார், எங்கேயும் படுக்க விடமாட்டேன் என்கிறார்கள். பிரிட்டனில் இந்தப் படம் 'நீ இங்கே தூங்க முடியாது' என்று பொருள்படும் தலைப்பில் வெளியானது. கதைக்கு அது இன்னும் பொருத்தம். ஸ்கர்ட்டும் விக்கும் வருவதற்கு முன்பே காகிதம் அவரைப் பெண்ணாக்கி முடித்துவிட்டது. துணி வெறும் கையெழுத்து மாதிரி, கடைசியாக வைப்பது.

மற்ற இரண்டு படங்களிலும் வேஷம் போடுபவர் தானாகப் போய்ப் போடுகிறார், காசுக்காகவோ உயிருக்காகவோ. இங்கே மட்டும் ஓர் அலுவலகம் அதை மாட்டிவிடுகிறது. வரிசையில் நின்று பழகிய நமக்கு இது அந்நியமாகவே இருக்காது. முக்கால்வாசி சிரிப்பு வசனத்தைவிட உடம்பிலும் காகிதத்திலும் இருப்பதால், சப்டைட்டில் ஓடும் வேகத்துக்குப் படிக்க முடியாத அத்தைக்கும் சிரமமில்லை. 105 நிமிடம், ஆறரைக்குப் போட்டால் எட்டேகாலுக்கு முடிந்துவிடும். குறையும் சொல்லிவிடுகிறேன்: இரண்டு பாதிக்கும் நடுவே, கல்யாண ஏற்பாடு நடக்கும் இடத்தில், படம் கொஞ்சம் படுத்துவிடுகிறது. நாங்கள் அங்கேதான் சுண்டலுக்கு நிறுத்தினோம்.

அக்கா மகளிடம் ஸ்கர்ட் விவரத்தை முன்கூட்டியே சொல்லி வைத்தேன். அப்படியும் மூன்று தடவை கேட்டாள், "இன்னும் எவ்வளவு நேரம் மாமா?" வந்தபோது, "அவ்வளவுதானா?" என்றாள். அத்தைக்கு நாற்காலித் தூக்கம் பிடித்துப்போய் அதை மட்டும் திரும்பப் போடச் சொன்னார். சித்தப்பாதான் ஆச்சரியம். படிவக் காட்சியிலிருந்து முன்னால் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தவர், படம் முடிந்தும் எழுந்திருக்கவில்லை. மணி எட்டேமுக்கால்.

"குடும்ப ஓய்வூதியத்துக்கு ஒருத்தர் வந்தார். சம்சாரம் டீச்சர், தவறிட்டாங்க. படிவத்தில 'இறந்தவரின் மனைவி பெயர்'னுதான் அச்சடிச்சிருக்கு. அவர் தன் பேரை எழுத மாட்டேங்கிறார், எப்படி எழுதுறதுன்னு நிக்கிறார். எனக்கும் தெரியல."

"அப்புறம் என்ன செஞ்சீங்க சித்தப்பா?"

"மனைவிங்கிறதை அடிச்சிட்டு கணவர்னு எழுதி, பக்கத்தில இனிஷியல் வச்சு அனுப்பினேன். மேல இருந்து மூணு தடவை திரும்பி வந்துச்சு."

அடுத்த மாதம் அக்கா மகளின் முறை. 'சம் லைக் இட் ஹாட்' என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டாள். ஆறே காலுக்கே ஆரம்பிக்க வேண்டும்.